ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு தலையணை

1

இந்தக் கதை ஒரு தப்பிலிருந்து வந்தது. தப்பு என்னுடையது.

ஒரு பத்திரிகையில் பயணக் கட்டுரை கேட்டார்கள். காரிலேயே மலைக்குப் போய், காரிலேயே படுத்து எழுந்து, சந்தோஷமாகத் திரும்பி வருவது எப்படி என்று கணவன் மனைவிகளுக்கு யோசனை சொல்ல வேண்டும். நான் அப்படி ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன், அதுவும் தனியாக. அந்தத் தைரியத்தில் தலையாட்டிவிட்டேன். எழுதி முடித்து என் அக்காவுக்கு அனுப்பினேன். நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிப்பவள் அவள்தான். அதில் பாதியை வேண்டாம் என்பவளும் அவள்தான்.

போன் வந்தது.

“ஏன்டி, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு போறாங்கன்னு எழுதியிருக்க. ஒரு தட்டு எடுத்துக்கோங்க, ஒரு டம்ளர் எடுத்துக்கோங்கங்குற. இன்னொருத்தர் என்ன, கையேந்தி நிக்கணுமா?”

எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு தலையணை, ஒரு போர்வை. தனியாகக் குடித்தனம் நடத்தி நடத்தி என் கை அப்படித்தான் எடுத்து வைக்கிறது.

“மாத்திடுறேன்க்கா.”

“மாத்து. அப்படியே எங்க வீட்டுக்கு வந்து ஒரு வாரம் இரு. மனுஷங்களோட உக்காந்து சாப்பிட்டுப் பழகு.”

மாற்றத்தான் உட்கார்ந்தேன். மனசு வரவில்லை. இந்தத் தப்பை நிஜமாகவே செய்யக்கூடிய இரண்டு பேர் எப்படிப்பட்டவர்களாக இருப்பார்கள் என்று யோசிக்க ஆரம்பித்தேன். கட்டுரை போச்சு. பத்திரிகைக்காரர் என்மேல் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார்.

2

“பனி மலையைத் தழுவிக்கொண்டிருந்த அந்த அதிகாலையில் —”

(வேண்டாம். பனிக்கு எப்போது பார்த்தாலும் இதே வேலை. யாரையாவது தழுவிக்கொண்டே இருக்கிறது.)

“வாழ்க்கையே ஒரு நீண்ட பயணம் என்பதை அவள் —”

(இதை அக்கா பார்த்தால் என் கையை ஒடித்துவிடுவாள்.)

“அவளுக்கு இரண்டு வீடுகள் இருந்தன.”

இது நிற்கும் போலிருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டே போகிறேன்.

அவளுக்கு இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்று, நாலு மாதத்துக்கு முன்னால் பதிவுத் திருமணம் செய்துகொண்ட கணவரின் அடுக்குமாடி வீடு. இன்னொன்று, அடுத்த தெருவில் அவள் பல வருஷமாக வாடகைக்கு இருந்த மாடி வீடு. கல்யாணமான பிறகும் அதை அவள் விடவில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றணும், ஒரு புடவையை எடுக்கணும், ஜன்னலைச் சாத்தினேனா என்று பார்க்கணும் என்று ஏதாவது சொல்லிக்கொண்டு வாரத்தில் இரண்டு மூன்று நாள் அங்கே போய்விடுவாள். போய் என்ன செய்வாள்? ஒன்றும் செய்யமாட்டாள். கதவைத் திறந்து உள்ளே போய், நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாள்.

வேலை, கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது. பயிற்சிக் காரில் ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் இருக்கும். அதில் கால் வைத்தபடியே பாதி ஆயுளைக் கழித்தவள். ஐம்பது வயதில் கார் கற்றுக்கொள்ள வந்த ஒரு லிஃப்ட் மெக்கானிக்கை அங்கேதான் சந்தித்தாள். மனைவியை இழந்து பல வருஷம் தனியாக இருந்தவர். லைசென்ஸ் வாங்கிய பிறகும் மனிதர் வகுப்புக்கு வந்துகொண்டே இருந்தார்.

அவர் இன்னும் அவளை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுகிறார்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். மாடி வீட்டுக்கார அம்மாள் அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்: “வேற ஒரு குடும்பம் கேக்குறாங்கம்மா. நீயோ அங்க இருக்க. வச்சுக்கிறியா, விடுறியா? ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடு.”

அந்தச் சனி, ஞாயிறுதான் அவர்கள் மலைக்குப் போவதாக இருந்தார்கள்.

* அவள் ஏன் விடவில்லை? இதைக் கதையின் நடுவில் மெதுவாக அவிழ்க்கலாம் என்று வைத்திருந்தேன். எதற்கு? இங்கேயே சொல்லிவிடுகிறேன். இளம் வயதில் ஒரு கல்யாணம் செய்து, பொறுக்க முடியாமல் ஒருநாள் பையோடு வெளியே வந்தவள் அவள். போக இடமில்லை. அண்ணன் வீட்டுக் கூடத்தில், அண்ணி முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டாள். திறந்து உள்ளே போக ஒரு கதவும், தன் கையில் அதன் சாவியும் எப்போதும் இருக்கவேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

3

தயாரிப்பு.

பின்சீட்டை மடக்கி அதன்மேல் போட ஒரு பலகையை அவரே அறுத்தார். அதன்மேல் மெத்தை. லிஃப்ட் மெக்கானிக் இல்லையா, ஒரு நூல் கோணினாலும் தாங்கமாட்டார். ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் வந்து நிற்கிறவரைக்கும் கட்டைகளைச் செதுக்கினார்.

ஒத்திகை பார்க்க வேண்டும் என்றாள் அவள். ஒரு மத்தியானம் பார்க்கிங்கிலேயே காருக்குள் இருவரும் படுத்துப் பார்த்தார்கள். அவர் கால் கதவில் இடித்தது. அவள் முழங்கை அவர் விலாவில் இடித்தது. செக்யூரிட்டி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

“சார், வீட்ல ஏதாவது பிரச்சினையா? அம்மாவும் உள்ள இருக்காங்க?”

“மலைக்குப் போறோம்ப்பா.”

“எந்த வழியா சார்?” என்று கேட்டுவிட்டுச் சிரிக்காமல் போனார் அந்த ஆள்.

அவள் டீச்சர். எதைத் தொட்டாலும் திருத்துவாள். ஸ்டவ்வை இப்படி வைக்காதீங்க, முட்டையை அடியில போடாதீங்க. கடைசியில் அவர் கை கூப்பிவிட்டார். “டீச்சர், சாப்பாட்டுப் பை என்னோடது. படுக்கைப் பை உங்களோடது. உங்க பையில நான் தலையிட மாட்டேன், என் பையில நீங்க தலையிடக் கூடாது.”

ஒப்புக்கொண்டாள்.

(வாசகரே, உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ளாதீர்கள். அவர்களுக்கு இன்னும் தெரியாது.)

4

இங்கே அக்கா குறுக்கிட்டாள்.

“அந்த மனுஷன் ரொம்ப நல்லவனா இருக்கான்டி. இப்படி ஒருத்தன் எங்க இருக்கான்? அட்ரஸ் குடு, உனக்குப் பாக்குறேன்.”

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. கொஞ்சம் அழுக்குப் பூசிப் பார்த்தேன். ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவார். எதைச் சொன்னாலும் ‘சரியாயிடும்’ என்பார், ஒழுகுகிற குழாய்க்கும் அதே பதில். இதெல்லாம் எல்லா ஆண்களுக்கும் உள்ளதுதான். கடைசியில் அவருடைய உண்மையான கோளாறு என்னவென்று பிடிபட்டது.

அவர் கேட்கமாட்டார். அவள் அந்த மாடி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ‘போய்ட்டு வாங்க டீச்சர்’ என்பார். எதற்குப் போகிறாய் என்று கேட்டதில்லை. விட்டுவிடேன் என்று சொன்னதில்லை. வைத்துக்கொள் என்றும் சொன்னதில்லை. அது மரியாதையா, பயமா? எழுதுகிற எனக்கே தெரியவில்லை என்றால், கூடவே இருக்கிற அவளுக்கு எப்படித் தெரியும்? போனால் போகட்டும் என்று இருக்கிறாரோ என்று அவள் நினைத்தாள். பல ராத்திரி அப்படி நினைத்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

5

மலை ஏறும்போது அவர் ஓட்டினார். அவளுக்கு உயிரே போய்விட்டது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவள் வலது கால் தானாக நீண்டு, இல்லாத பிரேக்கை மிதித்தது.

“டீச்சர், அந்தப் பக்கம் பிரேக் இல்ல.”

“தெரியும். ரோட்டைப் பாருங்க.”

“கால்மிதி பாவம்.”

“செகண்ட் போடுங்க, செகண்ட்!”

போட்டார். ஏறினார்கள். ஒரு வளைவு திரும்பியதும் மேகம் சாலைக்குக் கீழே கிடந்தது. அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். கண்ணாடியை இறக்கிவிட்டு, மூக்கு சில்லிட்டுப் போகிறவரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

முகாம் போடுகிற இடம் ஒரு புல்வெளி. ஒரு தண்ணீர்க் குழாய், நாலைந்து கார்கள், அந்தப்பக்கம் ஓடை. போன் எடுக்காது. அவர் காரை நிறுத்தியதும் மெத்தைமேல் ரசமட்டத்தை வைத்தார். குமிழி ஓரத்துக்கு ஓடியது. சக்கரத்தின் அடியில் கல்லை வைத்து, ஏற்றி, இறக்கி, மறுபடி வைத்து, அரை மணி நேரம். அவள் ஓடையில் காலை விட்டுக்கொண்டு, “மலையையே நிமித்திட்டு வாங்க, நான் இங்க இருக்கேன்” என்றாள்.

சந்தோஷமாக இருந்தாள். இதை வளைத்து வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ரொம்பச் சந்தோஷமாக இருந்தாள்.

வெயில் இறங்கியதும் குளிர் பிடித்துக்கொண்டது. அவர் ஸ்டவ்வைப் பற்றவைத்து டீ போட்டார். பையிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து வைத்தார். மறுபடி கையை விட்டார். துழாவினார். பையையே கவிழ்த்தார்.

“என்ன தேடுறீங்க?”

“இன்னொரு டம்ளர்.”

“எடுத்து வச்சீங்களா?”

புல்மேல் ஒரு தட்டு, ஒரு ஸ்பூன், ஒரு டம்ளர்.

அவளுக்குச் சுருக்கென்றது. “நாலு மாசமா ஒரே மேஜையில சாப்பிடுறோம். நான் உங்க கணக்குலயே இல்லையா?”

“ஐயோ டீச்சர், நான் யோசிச்சு எடுக்கல. கை அதுவா எடுத்து வச்சிருச்சு.”

“அதைத்தான் சொல்றேன். யோசிச்சா நான் இருக்கேன். யோசிக்காட்டி இல்ல.”

எழுந்து காருக்குப் போய்விட்டாள். குளிருக்குப் போர்வை எடுக்கத்தான் போகிறேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். படுக்கைப் பையின் ஜிப்பை இழுத்தாள்.

ஒரு தலையணை. ஒரு போர்வை.

[இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவளும் அப்படித்தான் நின்றாள்.]

அவர் பின்னாலேயே மன்னிப்புக் கேட்க வந்தார். எட்டிப் பார்த்தார்.

“டீச்சர்.”

“ம்.”

“தலையணை ஒண்ணுதான் இருக்கு.”

“கண்ணு தெரியுது எனக்கு.”

“ஒருவேளை எனக்குக் கொண்டுவந்ததோ?”

“ஒதை வாங்குவீங்க.”

முதலில் சிரித்தது அவள்தான். சிரிப்பை நிறுத்த முடியவில்லை. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வர, வயிறு வலிக்கச் சிரித்தாள். பாதியில் அது அழுகையாகிவிட்டது. அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஓடிப்போய் டீயைக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு அவரிடம் கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு அவளிடம் கொடுத்தார்.

“டீச்சர், ஒண்ணு சொல்லலாமா?”

அவள் டம்ளரை அவரிடம் நீட்டினாள்.

“நீங்க அந்த வீட்டுக்குப் போற அன்னிக்கெல்லாம் நான் பால்கனியில நின்னு பாத்துட்டே இருப்பேன். திரும்பி வருவீங்களோ மாட்டீங்களோன்னு. தெருமுனையில உங்க தலை தெரிஞ்சதும் உள்ள ஓடிவந்து பேப்பர் படிக்கிற மாதிரி உக்காந்துப்பேன்.” டம்ளரையே பார்த்துக்கொண்டு பேசினார். “வச்சுக்கங்க, விடுங்க. அது உங்க சாவி. அதுல நான் சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா நான் கேக்காம இருந்தது, நீங்க வந்தா வாங்க, போனா போங்கன்னு இல்ல. அதை மட்டும் தெரிஞ்சுக்கங்க.”

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இதைச் சொல்றதுக்கா மலை ஏறி வந்தீங்க? பார்க்கிங்லயே சொல்லியிருக்கலாமே.”

“அங்க செக்யூரிட்டி இருந்தாரு.”

6

இரவை நான் எழுதப்போவதில்லை. கார்க் கதவைச் சாத்திவிட்டேன். கண்ணாடியில் மூச்சுப்பட்டு ஆவி படிந்துவிட்டது, எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

காலையில் தலையணை கால்மாட்டில் கிடந்தது. அவருக்கு இடது கை மரத்துப்போயிருந்தது. உதறிக்கொண்டே இறங்கினார். அவள் புல்லில் உட்கார்ந்து, ஒரே தட்டில் முட்டையையும் ரொட்டியையும் பிய்த்து வைத்தாள். பக்கத்துக் காரிலிருந்து ஒரு அம்மா இவர்களைப் பார்த்துவிட்டு இரண்டு டம்ளரோடு வந்தாள்.

“ஒரே டம்ளர்ல குடிக்கிறீங்களே, இந்தாங்க, எங்ககிட்ட நிறைய இருக்கு.”

“வேண்டாங்க, இருக்கு” என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

7

முடிவுகள்.

அக்காவின் முடிவு: அவள் வீட்டை விட்டுவிடுகிறாள், செடிகளெல்லாம் அவர் பால்கனிக்கு வருகின்றன. “வேற எப்படி முடிப்ப? மனுஷன் அவ்வளவு சொன்னதுக்கப்புறம்?”

என் முடிவு: வைத்துக்கொள்கிறாள். நாற்காலி மட்டும் இரண்டாகிறது. (“உனக்கு எப்பவும் தனி வீடு வேணும்” என்றாள் அக்கா.)

மூன்றாவது: அவர் அங்கே குடிவந்துவிடுகிறார். எழுதிப் பார்த்தேன். அது மாடி வீடு, லிஃப்ட் கிடையாது, முதல் நாளே படியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார். விட்டுவிட்டேன்.

எந்த முடிவென்று தெரியாவிட்டாலும் இதுவரைக்கும் எனக்குத் தெரியும்: இறங்கும்போதும் அவர்தான் ஓட்டினார். ஏறிய அதே கியரில் இறக்கினார். வளைவுக்கு முன்னால் ஹார்ன் அடித்தார். நாலாவது வளைவோ ஐந்தாவதோ, அவள் திருத்துவதற்கு வாயைத் திறந்து, திருத்த ஒன்றும் இல்லாமல் மூடிக்கொண்டாள். அப்புறம்தான் கவனித்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் இருக்கைமேல் மடக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். எப்போது அப்படி உட்கார்ந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தடவை அவர் சொல்லாதது ஏன் என்று அவளுக்குத் தெரிந்தது.

அடிவாரம் நெருங்கியதும் போனுக்கு உயிர் வந்தது. உடனே அடித்தது. வீட்டுக்கார அம்மாள்.

“சொல்லுங்கம்மா... ஆமா, மலையிலேர்ந்து இறங்கிட்டு இருக்கோம்... யோசிச்சுட்டேன். அந்த வீட்டை நான் —”

இதற்குமேல் நீங்கள்தான் எழுதவேண்டும். எனக்குக் கடைக்குப் போகிற வேலை இருக்கிறது. நாளைக்குக் காலையில் அக்கா வருகிறாள், ஒரு வாரம் இருக்கப்போகிறாளாம். என் வீட்டில் இருப்பது ஒரே டம்ளர்.

எப்படி வேண்டுமானாலும் முடியுங்கள். அவள் விடட்டும், வைத்துக்கொள்ளட்டும். அடுத்த தடவை அவர்களை மலைக்கு அனுப்பும்போது மட்டும் பையை ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள். ரெண்டு பேர் போகிறார்கள்.