ஜிம்மியின் ஒரு மணித்தியாலம்

சுப்பம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்று ஜிம்மியின் வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்துத் தாங்கியிருந்தாள். நாய் முன்னங்கால்களால் அடித்து நீந்தியது. பின்னங்கால்கள் இரண்டும் சும்மா இழுபட்டன. வாய்க்கால் கரைக்கட்டில் குடையோடு நின்ற முதலாளியம்மா பத்மாசனி மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"டொக்டர் ஒரு மணித்தியாலம் எண்டவர். இன்னும் இருபது நிமிசம் கிடக்கு. ஏமாத்தாதை."

"எங்கம்மா ஏமாத்துறது? வெரலெல்லாம் ஊறி வெளுத்துப் போச்சு, பாருங்க."

பங்குனியில் நெல் மூடை ஏற்றிவந்த டிரெக்டர் பெட்டி இதே கரைக்கட்டில்தான் சரிந்தது. மூடைகளுக்கு மேலே சுப்பம்மாவின் புருசன் ராசுவும் ஜிம்மியும் இருந்தார்கள். கதிர்காமநாதன் முதலாளி நாயைக் காரில் போட்டுக்கொண்டு அப்போதே மாட்டு டொக்டரிடம் பறந்தார். சிந்திய நெல்லை அள்ளி முடித்த பிறகு ராசுவை டிரெக்டரில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். முறிவுக்குப் போட்ட பிளாஸ்டரை வெட்டியபோது அவன் வலது கால் விறகுக்கட்டை போல மெலிந்து, முழங்கால் மடங்காமல் கிடந்தது. நடந்து பழகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நாயை இரண்டாம் முறை காட்டப் போனபோது, அதை மடியில் வைத்திருந்தவள் சுப்பம்மாதான். "தண்ணிக்குள்ள உடம்புப் பாரம் தெரியாது. கால் பயமில்லாமல் அசையும். அசைய அசையச் சதை பிடிக்கும். தினமும் நீந்த விடுங்கோ," என்று டொக்டர் முதலாளிக்குச் சொன்னதை அவள் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டாள்.

நாயை நீந்தவிடத் தொடங்கிய மூன்றாம் நாள் ராசுவையும் சைக்கிள் கரியரில் இருத்தி வாய்க்காலுக்கு உருட்டி வந்தாள்.

"உவனை ஏன் கொண்டந்தனி?" என்றாள் பத்மாசனி. "நாய்க்கெண்டுதானே வேலைநேரத்தில உன்னை விட்டிருக்கு!"

"நாய விட்டுடலம்மா. ஒரு கையில நாயி, ஒரு கையில புருசன். எனக்கு ரெண்டு கை இருக்கு."

"வாயைப் பார் வாயை," என்று பத்மாசனி குடையை மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

ராசுவுக்குத்தான் வெட்கம். "நாயோட சேத்து என்னயும் முக்கி எடுக்கிறியே, மானம் போகுதுடி."

"மானம் எங்கயும் போகாது. புரட்டாசிக்குள்ள நீ எந்திரிக்கலன்னா நாமதான் போவணும்."

அதுதான் உண்மை. புரட்டாசியில் தொடங்கும் காலபோக விதைப்புக்கு ராசு வயலில் இறங்காவிட்டால் அவர்கள் குடியிருக்கும் கொட்டிலை வேறு குடும்பத்துக்குக் கொடுக்கப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார். எழுபத்தேழு கலவரத்தில் மாத்தளையில் தோட்டத்து லய வீட்டை விட்டு ஓடிவந்து, உடையார்கட்டில் ஒதுங்கி நாலு வருசம். இதையும் விட்டால் எங்கே போவது?

ஆடி நடுவில் ஜிம்மி கோழியைத் துரத்திக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடியது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். பின்னேரம் சுப்பம்மாவைக் கூப்பிட்டார்.

"நாளையிலயிருந்து விடியவே களை பிடுங்க வா."

"இவருக்கு இப்பதான் மொழங்கால் மடங்குதுங்க. இன்னும் ஒரு மாசம் அந்த நேரத்த விடுங்கய்யா."

"அது நாய்க்கெண்டு விட்ட நேரம். நாய் நடக்குது. முடிஞ்சுது கதை."

சுப்பம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரே பெட்டியில இருந்துதானய்யா ரெண்டும் விழுந்துச்சு!"

அடுத்த நாள் காலையும் அவள் ராசுவோடு வாய்க்காலில்தான் நின்றாள். மோட்டார்சைக்கிளில் வந்த முதலாளி நேரே மதகடிக்குப் போய்ப் பலகைகளை இறக்கித் தண்ணீரை அடைத்தார்.

இடுப்பிலிருந்த தண்ணீர் தொடைக்கு வடிந்தது, பிறகு முழங்காலுக்கு. ராசுவின் பிடி அவள் தோளில் இறுகியது.

"பாரம் ஏறுது புள்ள. விழுந்துருவேன்."

"விழுந்தா வீட்டுல போய் விழு. இந்தாளு முன்னால விழாதய்யா."

ராசு பல்லைக் கடித்தான். தோளிலிருந்து கையை எடுத்தான். கணுக்கால் வரை சேற்றில், மெலிந்த கால் வெடவெடக்க, ஒன்றையும் பிடிக்காமல் நின்றான்.

முதலாளி கரைக்கட்டுக்கு வந்து பார்த்தார். "நிக்கிறான்தானே! பிறகென்ன கால் வருத்தம்? நாளைக்கு உவனையும் கூட்டிக்கொண்டு களைக்கு வா."

சுப்பம்மா கரைக்கட்டில் ஏறினாள். அவரைத் தாண்டி நடந்து மதகுப் பலகையைப் பிடுங்கி மேட்டில் எறிந்தாள். அடுத்ததையும் பிடுங்கினாள். தண்ணீர் நுரைத்துக்கொண்டு பாய்ந்தது.

"ஏய்! இண்டைக்கே கொட்டிலை விட்டு வெளிக்கிடுங்கோ, ரெண்டு பேரும்!"

"கொட்டில் உங்களோடது, எடுத்துக்குங்க. காலு அவரோடது."

சேற்றுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாள். ராசு அசையாமல் அதே இடத்தில் நின்றிருந்தான். அவன் முழங்காலைத் தாண்டித் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.