எளிய பாதையில் எதிர்ப்பக்கமாக

…அன்று மூடுபனி இருந்ததா, இல்லை என் மூக்குக்கண்ணாடியில் மூச்சுக்காற்று படிந்து அப்படித் தெரிந்ததா என்று இப்போது யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, நடந்ததை நடந்தபடியே வைத்திருக்கிறேன் என்று அடித்துப் பேச மாட்டேன், சில இடங்களைப் பிறகு நானே நிரப்பியிருப்பேன், "நீ ஒரு விஷயத்தை எத்தனை தடவை சொன்னாலும் அத்தனை விதமா இருக்கும்க்கா" என்பான் தம்பி, இருக்கட்டுமே, என் கதைதானே… ஆனால் அந்தப் பலகை மட்டும் எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. ஏரியைச் சுற்றி எளிய நடைபாதை, முதியோருக்கும் சிறுவர்களுக்கும் ஏற்றது. பக்கத்தில் கோல் ஊன்றிய ஓர் ஆளின் படம், கூன் போட்டு, தலை தொங்கி… யார் வரைந்தது அதை? முதியோர் என்றால் முதுகு வளைந்தே ஆக வேண்டுமா? ஹோட்டல் படுக்கை விரிப்புகளை நீராவி இயந்திரத்தில் இஸ்திரி போட்டுப் போட்டு, பணிக்காலம் முழுவதும் நின்றே பிழைத்தவள் நான், என் முதுகு இன்றைக்கும் நேராகத்தான் நிற்கிறது, கால்தான் சில நாட்களில் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. படத்துக்குக் கீழே ஓர் அம்புக்குறி, வலதுபக்கம் காட்டி. நான் இடதுபக்கம் திரும்பினேன்.

திட்டம் போட்டுத் திரும்பவில்லை, அது உண்மை. பலகை இருந்த இடம் கார் நிறுத்துமிடத்திலிருந்து ஒரு வளைவு தள்ளி, மரங்களுக்குப் பின்னால், அங்கிருந்து என்னை யாரும் பார்க்க முடியாது, அந்த நினைப்பே ஒரு தெம்பாக இருந்தது. எத்தனை வாரமாக என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்… குளியலறையில் விழுந்ததிலிருந்து. விழுந்தது பெரிதில்லை, யார்தான் விழவில்லை, விழுந்தபின் எழ முடியாமல் ஈரத் தரையில் கன்னத்தை வைத்து, கதவுக்கு அடியில் தெரிந்த வெளிச்சம் நகர்வதைப் பார்த்துக் கிடந்தேனே, அதுதான்… அப்புறம் தம்பி மாற்றுச் சாவியால் திறந்து உள்ளே வந்து, என்னைப் பார்த்த மாத்திரத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு துண்டை என்மேல் போட்டான். அன்றே திட்டியிருந்தால் தேவலை. அடுத்த வாரம் அவன் வீட்டில் ஓர் அறை தயாராகிவிட்டது. கட்டிலோரம் பிடிக்கக் கம்பி, தரை முழுக்க வழுக்காத விரிப்பு, தலைமாட்டில் அழுத்தினால் அடிக்கும் மணி. தம்பி மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், மாத்திரைகளைக் கிழமைவாரியாகப் பிரித்துப் போட ஒரு பெட்டிகூட வாங்கி வைத்திருந்தாள். "பாருங்க அண்ணி, ஜன்னல்ல இருந்து மரம் தெரியுது" என்றாள் நல்ல மனதோடுதான். என் வீட்டில் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும். ஆனால் அது என் சுவர், நான் வருடக்கணக்காகப் பார்த்துப் பழகிய சுவர், அதை விட்டுவிட்டு மரத்தைப் பார்க்க நான் என்ன குருவியா?

பந்தயம் போட்டது நான்தான். அந்த ஏரிப் பாதையைப் பற்றி முதலில் சொன்னது அவன் மனைவி, கடைக்கு வரும் வயதானவர்கள் எல்லாம் அங்கே நடக்கிறார்களாம், நல்ல காற்றாம். நான் பிடித்துக்கொண்டேன். நான் தனியாக அதை ஒரு சுற்று சுற்றி வருகிறேன், கோல் கிடையாது, துணை கிடையாது, என் காலால் திரும்பி வந்தேன் என்றால் அந்த அறைப் பேச்சை அத்தோடு விட வேண்டும், வராவிட்டால் அன்றைக்கே என் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். "என்னக்கா சின்னப் புள்ள மாதிரி" என்றான். "நீ பயப்படுறியா?" என்றேன். அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன், கற்றுக்கொள்பவர்கள் ஓட்டுவார்கள், இவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான், இவன் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும், அந்தத் தொழில் அவன் உடம்பிலேயே ஊறிவிட்டது, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால்கூட அவன் வலது கால் எதையோ மிதிக்கத் தயாராகத் தரையிலிருந்து லேசாகத் தூக்கியே நிற்கும். அப்படிப்பட்டவனிடம் போய்ப் பயப்படுகிறாயா என்று கேட்டேன். "சரி, போ. நான் டீக்கடையில உட்கார்ந்திருக்கேன். பின்னாடி வரமாட்டேன், போதுமா?" என்றான். போனைக் காரிலேயே வைத்துவிட்டு இறங்கினேன். அவன் பார்க்க வேண்டும் என்றே, இருக்கையின் நடுவில், நன்றாகத் தெரியும்படி.

முதலில் சுகமாகத்தான் இருந்தது. ஊசியிலைகள் உதிர்ந்து பாதை மெத்தைபோல அமுங்கியது, செருப்புச் சத்தமே கேட்கவில்லை, ஒருபக்கம் தண்ணீர், மறுபக்கம் சரிவாக ஏறும் குன்று, நடுவில் நான்… நான் மட்டும். எவ்வளவு நாளாயிற்று, ஒருவரும் "பார்த்து, பார்த்து" என்று சொல்லாமல் ஒரு காலை எடுத்து இன்னொரு காலுக்கு முன் வைத்து? ஆனால் எதிரே வந்தவர்கள் எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். நாயைப் பிடித்துக்கொண்டு வந்த ஒருவர் நின்றேவிட்டார், "அம்மா, தப்பான பக்கம் வர்றீங்க" என்றார். ஏரி வட்டமாகத்தானே இருக்கிறது, எந்தப் பக்கம் போனாலும் வந்துதானே சேர வேண்டும் என்றேன். "அது சரிதான், ஆனா குறி எல்லாம் எங்க பக்கம்தான் இருக்கு. நீங்க மரத்தோட முதுகைத்தான் பார்த்துட்டுப் போகணும்" என்று சிரித்தார். திரும்பிப் பார்த்தேன். ஆமாம், நான் கடந்து வந்த மரங்களில் எல்லாம் கண் உயரத்தில் மஞ்சள் பட்டை, பளிச்சென்று, வழி தவறாமலிருக்க. எனக்கு முன்னால் இருந்தவை வெறும் மரப்பட்டைகள். அதாவது நான் சரியாக வந்தேனா என்பது வந்தபின்தான் தெரியும், போகப் போவது சரியா என்று ஒரு மரமும் சொல்லாது. "பரவாயில்ல, எனக்கு மரத்தோட முதுகுதான் பிடிக்கும்" என்றேன். நாய்க்கு நான் சொன்னது பிடித்திருந்தது, என் கையை நக்கியது.

வீராப்பாகச் சொல்லிவிட்டேன்… கொஞ்ச தூரத்திலேயே பாதை இரண்டாகப் பிரிந்தது. எது? தண்ணீர்ப்பக்கம் போனது சேறாகத் தெரிந்தது, மேலே ஏறியது உலர்ந்து சுத்தமாக இருந்தது, எளிய பாதை என்றால் உலர்ந்ததுதானே என்று ஏறினேன். ஏறி, மூச்சு வாங்கி, திரும்பிப் பார்த்தேன், மரத்தில் மஞ்சள் இல்லை. அடுத்த மரத்திலும் இல்லை. முட்புதர் ஒன்று என் சேலை ஓரத்தைப் பிடித்துக்கொண்டது, விடுவிக்கக் குனிந்தபோது தலைக்குள் ஏதோ ஒரு சுற்று சுற்றியது, சாய்ந்து கிடந்த மரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏன் இப்படி? பலகை வலதுபக்கம் என்றால் வலதுபக்கம் போவதற்கென்ன? போனை வைத்துவிட்டு வந்தது யாருக்குப் பாடம் கற்பிக்க? இங்கே கிடந்தால் எப்போது தேடி வருவார்கள், அவனே வருவானா, மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொள்வானா… அதை நினைத்ததும் எனக்கு வந்தது பயமில்லை, கோபம். எழு என்று எனக்கு நானே சொன்னேன், சத்தமாகவே சொன்னேன், எழுடி. எழுந்தேன். இறங்கும்போது ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்தைப் பிடித்துப் பிடித்துத்தான் இறங்கினேன், அதைத் துணை என்று கணக்கில் எடுக்க முடியாது, மரம் மரம்தான், அது யாரிடமும் போய்ச் சொல்லாது. பிரிந்த இடத்துக்கு வந்து சேற்றில் கால் வைத்தேன், செருப்பு புதைந்தது, சேறு அதை உறிஞ்சிப் பிடித்து விட்டது, பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தேன். மஞ்சள் பட்டை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஏரியின் மறுகோடியில்தான் அவனைப் பார்த்தேன். முதலில் யாரோ என்று நினைத்தேன், கரையில் ஒரு பாறை, அதில் பாதைக்கு முதுகு காட்டி ஓர் ஆள், பக்கத்தில் கழற்றி வைத்த காலணி, அதற்குள் சுருட்டித் திணித்த காலுறை. அப்படிக் காலுறையைத் திணிப்பவன் உலகத்தில் ஒருவன்தான். எனக்கு ஜிவ்வென்று ஏறியது. பின்னால் வரமாட்டேன் என்றானே! டீக்கடையாம்! நான் அம்புக்குறிப்படி போயிருப்பேன் என்று நினைத்து, என் கண்ணில் படாமல் பின்தொடர்ந்து, வலதுபக்கமாகவே இவ்வளவு தூரம் வந்துவிட்டான், முன்னால் போகிற அக்காவைத் தேடி, அந்த அக்காவோ அவனுக்கு எதிர்த்திசையில் வந்துகொண்டிருக்கிறாள். வசமாக மாட்டினான். வார்த்தைகளை அடுக்கிக்கொண்டேன், "என்னடா, டீ எப்படி இருக்கு?" என்பதில் ஆரம்பிக்க வேண்டும், சின்ன வயதிலிருந்து அவன் சொல்லி மீறிய எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்க வேண்டும், பந்தயத்தில் நீ தோற்றாய் என்று அங்கேயே சொல்லிவிட வேண்டும்… அப்போதுதான் அவன் கால்களைப் பார்த்தேன். கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு இரண்டு கால்களையும் தண்ணீரில் விட்டு ஆட்டிக்கொண்டிருந்தான், மெதுவாக, ஒன்று மாற்றி ஒன்று, எதையும் மிதிக்காமல். வாய்க்குள் ஏதோ ராகம். அவனுக்குப் பாட வராது, எங்கள் வீட்டில் யாருக்குமே வராது, ஆனாலும் பாடிக்கொண்டிருந்தான், முதுகு தளர்ந்து, தோள் இறங்கி. என்னைத் தேடி வந்தவன் என்னை மறந்துவிட்டிருந்தான். அந்த முதுகை நான் அவ்வளவு தளர்வாகப் பார்த்ததே இல்லை… எப்போதிலிருந்து இவன் இப்படி உட்காராமல் இருந்தான்? நான் விழுந்ததிலிருந்தா? அதற்கும் முன்னாலிருந்தா? எனக்கு அந்த அறை வேண்டாம் என்று நான்தான் கத்திக்கொண்டிருந்தேன், அந்த மணி நடு இரவில் அடித்தால் எழுந்து ஓடிவர வேண்டியவன் யார் என்று ஒருநாளாவது யோசித்தேனா? யோசித்ததும் அவன்மேல் இரக்கம் வந்தது, உடனே எரிச்சலும் வந்தது, என்னை மறந்துவிட்டு எப்படி இவ்வளவு நிம்மதியாகக் காலை ஆட்டுகிறான் என்று. இரண்டும் சேர்ந்தே வந்தன, எது முதலில் என்று கேட்காதீர்கள்.

அவன் முதுகுக்குப் பின்னாலேயே பாதையோடு நடந்தேன். ஊசியிலைகள் சத்தத்தை விழுங்கிக்கொண்டன, அடுக்கி வைத்த வார்த்தைகளை நானும் விழுங்கிக்கொண்டேன். சரியாக அவன் முதுகுக்கு நேராக வந்தபோது ஒரு சுள்ளி என் காலடியில் முறிந்தது. ராகம் நின்றது. தண்ணீரில் கால்கள் நின்றன. நானும் நின்றேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு, திருடியைப்போல… அவன் திரும்பவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு ராகம் மறுபடி தொடங்கியது, விட்ட இடத்திலிருந்து அல்ல, வேறெங்கிருந்தோ, முன்பைவிடக் கொஞ்சம் சத்தமாக. அப்படித்தான் நினைவிருக்கிறது. இல்லை, அதுவும் நான் பிறகு நிரப்பிக்கொண்டதா?

மீதித் தூரத்தில் நான் எங்கும் திரும்பிப் பார்க்கவில்லை. கார் நிறுத்துமிடத்தில், எங்களோடு வந்து காத்திருந்த தம்பி மனைவி என்னைப் பார்த்ததும் கையிலிருந்த டீயைச் சிந்திவிட்டாள். "என்ன அண்ணி இந்தப் பக்கமா வர்றீங்க? அவரு உங்க பின்னாடிதானே…" என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "யாரு என் பின்னாடி?" என்றேன். "யாருமில்ல அண்ணி, செருப்பெல்லாம் சேறா இருக்கு, உட்காருங்க முதல்ல" என்றாள். உட்காரவில்லை, கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நிற்பது எனக்குத் தெரிந்த வேலை. கொஞ்ச நேரம் கழித்து அவன் வந்தான், அவசரமில்லாமல், கால்சட்டை விளிம்பு நனைந்திருந்தது. "சுத்திட்டியா?" என்றான். "சுத்திட்டேன். நீ எங்கடா போனே?" "சும்மா இங்கதான்." "சும்மாவா?" "சும்மாதான்க்கா." போனை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். வழி நெடுக யாரும் அறையைப் பற்றிப் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து, சேற்றுச் செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. அவன் வந்த திசை. நான் முன்னால் போய்க்கொண்டிருப்பதாக அவன் நினைத்திருந்தால், என்னைத் தேடி மேற்கொண்டு போயிருக்க வேண்டும், முழுச்சுற்றும் சுற்றி, நான் புறப்பட்ட பக்கமாக, வியர்த்து, பதறி வந்திருக்க வேண்டும். அவன் அப்படி வரவில்லை. நான் வந்த பக்கமாகவே, என் பின்னாலேயே வந்தான். பார்த்திருக்கிறான். சுள்ளி முறிந்ததும் யாரென்று தெரிந்து, திரும்பாமல், என்னைப் போகவிட்டிருக்கிறான்… அல்லது தேடி அலுத்துப்போய், வந்த வழிதான் பக்கம் என்று திரும்பிவிட்டானா? அதுவும் அவன் செய்யக்கூடியதுதான். அவனைக் கேட்டால் தெரிந்துவிடும். கேட்கவில்லை. அந்தச் சுற்றை நான் சுற்றியது உண்மை, அதை ஒருவர் எனக்கு விட்டுக்கொடுத்ததாகக் கேட்டுவிட்டு வர நான் தயாரில்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

தம்பி மனைவி இப்போது அந்த மருந்துக்கடையின் பொறுப்பாளர். தம்பி இன்னமும் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறான், சில ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் ஏரிக்குப் போகிறான் என்று அவள்தான் என்னிடம் சொன்னாள். அந்த அறையில் அவர்கள் மகள் படிக்கிறாள். நான் என் வீட்டிலேயே இருக்கிறேன். அதன்பின் ஒருமுறை விழுந்தேன், கூடத்தில், அன்று நானே தம்பிக்கு போன் செய்தேன். வந்தான், என் முகத்தைப் பார்த்துக் கைகொடுத்துத் தூக்கினான், ஒரு டீ குடித்தான், போய்விட்டான்.