நாற்பது வாத்துக்கு ஒரு பயம்

கூஸ் வாத்துகளின் கோபத்தைச் சாயங்காலமானால் கழற்றிக் கொடியில் போட்டுவிட வேண்டும். போடாவிட்டால் அவையும் தூங்காது, கூட இருக்கிற சாதா வாத்துகளையும் தூங்கவிடாது. கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் விரலை விட்டு மேலே இழுத்தால் வந்துவிடும், சின்னப் பிள்ளைக்குச் சட்டை கழற்றுகிற மாதிரி. கஷ்டமே இல்லை. கஷ்டம் என்கிறவர்கள் வால் பக்கமிருந்து ஆரம்பித்திருப்பார்கள்.

மோனிஷாவுக்கு இது பழகிய வேலை. பிளஸ் ஒன்னைப் பாதியில் விட்டவள், செய்யாறு பக்கத்தில் ஏரியை ஒட்டி மாமா டெல்லிபாபு போட்டிருக்கும் பண்ணையைப் பார்த்துக்கொள்கிறாள். கூஸ் ஐந்து, வாத்து நாற்பது. கூஸுக்கு ஆளுக்கொரு கோபம்; ஒன்றினுடையது இன்னொன்றுக்குச் சேராது. வாத்துகள் அப்படியில்லை. நாற்பதுக்கும் சேர்த்து ஒரே ஒரு பயம்தான். பந்தியில் சாம்பார் வாளி போவது போல அது கைமாறிக்கொண்டே இருக்கும். ஒன்று ஓடினால் எல்லாம் ஓடுவது அதனால்தான். காலையில் வாத்துகளை முதலில் ஏரிக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் கூஸுக்குக் கோபத்தை மாட்ட வேண்டும். நாயும் கீரியும் கிட்ட வராமல் பகல் முழுக்க அந்தக் கோபம் பார்த்துக்கொள்ளும்.

மாமாவுக்கு இதில் திருப்தியில்லை. இருப்பதிலேயே பெரிய ஆண் கூஸுக்குச் சேர்மன் என்று பெயர். போன மாதம் சேர்மன் கடித்ததில் ஒரு வாத்துக்கு இறக்கை தொங்கிப் போனது.

"ரெண்டையும் ஒண்ணா வெச்சா ஆவாது. ஞாயித்துக்கெழம சாயங்காலம் வந்து எண்ணுவேன். வூட்ல ஒரு வாத்து கொறஞ்சாலும் கூஸ ரிசார்ட்டுக்குக் குடுத்துட்டு, உன்னக் கம்பெனி வேன்ல ஏத்திடுவேன்" என்றார்.

"கொறையாது மாமா."

"ரொம்ப உறுதியாத்தான் சொல்ற."

"வேலையப் பாக்குறது நானா நீயா? போய் டீ குடி மாமா."

கம்பெனி வேன் விடிவதற்கு முன்னால் வரும். அதில் எல்லோரும் ஒரே நீலச் சட்டையில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு போவார்கள். மோனிஷாவுக்கு அது பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சேர்மனின் கோபம் கொடியில் இல்லை. க்ளிப் மட்டும் இருந்தது. சேர்மன் தரையில் உட்கார்ந்திருந்தது. அதன் முதுகில் தலை வைத்து ஒரு தெருநாய் படுத்திருந்தது.

மோனிஷா நேரே பக்கத்து வீட்டுக் கஜலட்சுமியிடம் போனாள். அந்தத் தெருவிலேயே கோபம் இல்லாதவள் அவள் ஒருத்திதான். கஜலட்சுமி கிணற்றடியில் நின்று தன் கொழுந்தனைத் திட்டிக்கொண்டிருந்தாள். போட்டிருந்த கோபம் அவளுக்கு அக்குளில் இறுக்கிப் பிடித்திருந்தது.

"யக்கா, அது சேர்மனுது."

"தெரியும்டி. கேட்டா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல. எம் பங்குக் கெணத்துல எத்தினி வருசமா இவன் மோட்டார் போட்டுக்கினு இருக்கான் தெரியுமா? இன்னிக்கித்தான் வாயத் தொறந்திருக்கேன். நாளைக்குத் தரேன், போ."

கொழுந்தன் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தான். நல்ல காரியம் நடக்கும்போது போட்டிருப்பதைப் பிடுங்கக் கூடாது. மோனிஷா திரும்பிவிட்டாள்.

ஆனால் சேர்மன் முன்னால் போனால்தான் மற்ற நாலும் பாயும்; அதை வெறுமனே விட்டால் அந்த நாயே மதியத்துக்குள் வாத்து தின்னும். எதையாவது மாட்டியாக வேண்டும். கைவசம் இருந்தது வாத்துகளின் பயம்தான். மோனிஷா ஏரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கூட்டத்துக்குள் கையை விட்டு, அது ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்குப் போகும் சமயம் பார்த்துப் பிடித்தாள். ஈரமாக, கனமே இல்லாமல் துடித்தது. அதைச் சேர்மனுக்கு மாட்டினாள்.

நாற்பது வாத்தின் பயம் ஒரே உடம்பில் ஏறியதும் சேர்மன் போட்ட சத்தத்தில் நாய் அடுத்த ஊருக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு இலை விழுந்தாலும் கத்தியது. இதைவிட நல்ல காவல் கிடையாது. கோபம் ஆள் வந்த பிறகுதான் வேலை செய்யும். பயமோ ஆள் வருவதற்கு முன்னாலேயே செய்துவிடும். மோனிஷா தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள். வேறு யார் மெச்சப்போகிறார்கள்?

ஒன்றை மட்டும் அவள் யோசிக்கவில்லை. வாத்தை வீட்டுக்கு ஓட்டி வருவது கோல் இல்லை, பயம்.

சாயங்காலம் மாமா வந்து, பைக்கை வாசலில் நிறுத்தி அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். வாத்துகள் ஏரி நடுவில் இருந்தன. மோனிஷா கோலால் தண்ணீரில் அடித்தாள். நாற்பதும் திரும்பிப் பார்த்தன. பிறகு தங்கள் வேலையைப் பார்க்கப் போயின. பயத்தைத் திரும்ப மாட்டலாம் என்றால், அதற்கும் அவை கரைக்கு வர வேண்டும்.

"எங்கடி?" மாமா அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"வருது மாமா."

"வேன்காரனுக்குப் போன் போட்டுரட்டா?"

"வருதுன்னு சொன்னன் இல்ல?"

வாத்து வராது, அது தெரிந்துவிட்டது. வீட்டில் நாற்பது இருக்க வேண்டும் என்றுதான் மாமா சொன்னார். நடந்து வர வேண்டும் என்று சொல்லவில்லை. மோனிஷா கோலைக் கீழே போட்டாள். கரைமேல் ஏறி ஏரியைப் பார்த்தாள்.

"எவ்ளோ நேரம் இங்கியே கெடப்ப? வூட்டுக்கு வா" என்றாள். கெஞ்சவில்லை. கெஞ்சினால் யாரும் வருவதில்லை.

ஏரி எழுந்தது. கரையைத் தாண்டி இறங்கி, தார் ரோட்டில் ஓரமாகவே வந்தது. எதிரே வந்த பஸ்ஸுக்கு நின்று வழிவிட்டது. வாத்துகள் இருந்த இடத்திலேயே இருந்தன. மாமா இறங்கி பைக்கைத் தள்ளிக்கொண்டு போய் வேலியோரம் நிறுத்தினார். ஏரி வாசலில் உட்கார்ந்து அலை அடங்கும் வரை மாமா காத்திருந்து, விரல் நீட்டி எண்ணினார். நாற்பது. நம்பிக்கையில்லாமல் மறுபடி எண்ணினார். அப்போதும் நாற்பது.

"சரி, கூஸும் இருக்கட்டும். நீயும் இரு" என்றார்.

ஏரியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஈரத் துணியை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்துசேர்ந்தார்கள். துவைக்கிற கல்லை எங்கே போடுவது என்று கேட்டார்கள். மோனிஷா மாட்டுக்கொட்டகைப் பக்கம் கை காட்டினாள்.