சரோஜினி நகரில் ஓர் இலக்கணச் சந்தேகம்

பயணக் கட்டுரையாளர் ராஜகோபால் தில்லியைப் பற்றிய தம் புத்தகத்தில் பாதியைக் கோவையிலேயே எழுதி முடித்திருந்தார். மீதிப் பாதிக்காக அன்று காலை, வாழ்க்கையில் முதல் தடவையாக, தில்லியில் வந்து இறங்கினார். மறுநாள் ஆர்.கே.புரத்துத் தமிழ் அமைப்பு ஒன்று அவருக்குப் பாராட்டு விழா வைத்திருந்தது. மேடைக்குக் கோட்டு வேண்டுமே என்று, தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தங்கை மகள் ப்ரீதா அவரைச் சரோஜினி நகர் சந்தைக்கு அழைத்துப் போனாள்.

நடுப்பகல். புகைமூட்டத்தில் யாருக்கும் நிழல் விழவில்லை. “தில்லியின் ஆன்மா தெருவில் இருக்கிறது” என்று ராஜகோபால் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். கோவையில் எழுதிய வரி. இங்கேயும் பொருந்தித் தொலைத்தது.

ஒரு கறுப்புக் கோட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். கூவிக்கொண்டிருந்த கடைக்காரன் சட்டென்று நிறுத்தினான். ஓரடி பின்வாங்கி, ப்ரீதாவிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னான்.

“நேத்து நீங்க இங்கயே விழுந்துட்டீங்களாம், மாமா. தண்ணி குடுத்தானாம், உள்ள இறங்கலையாம்.”

“நேத்து நான் கோயமுத்தூர்லதானே இருந்தேன். டிவியில பாத்திருப்பான். இந்த முகத்தை ஒருதரம் பாத்தா மறக்காது.”

பக்கத்துத் தேநீர்க்காரர் அந்த முகத்தைப் பார்த்தார். அடுப்பை அணைத்தார். அவரும் அதையேதான் சொன்னார்.

ப்ரீதா தயங்கினாள். “‘கல்’னு சொல்றாங்க மாமா. இந்தியில நேத்துக்கும் அதான், நாளைக்கும் அதான். தமிழ்ல எனக்கு எப்பவும் மாறிப் போயிடும்.”

நாளை என்றதும் ராஜகோபால் கோட்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். ஆனாலும் இலக்கணம் கைவிடாது என்று நம்பினார். “உன் தமிழை நம்பினா அவ்வளவுதான். நான் சொல்றதை அப்படியே கேளு. இறந்த காலமா, எதிர்காலமா?”

ப்ரீதாவுக்கு இலக்கணம் தெரியாது. ‘இறந்த’ என்ற தெரிந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு கடைக்காரனிடம் கேட்டாள்: “மர் கயா?”

செத்துவிட்டாரா என்று. அந்த அளவு இந்தி ராஜகோபாலுக்கும் தெரியும்.

கடைக்காரன் அவர் கண்ணைப் பார்க்காமல் ஆமென்று தலையாட்டினான்.

அவர் அங்கேயே நின்று அமைப்பின் செயலாளர் மதியழகனுக்குப் போன் போட்டார். “அவசர வேலைங்க. ராத்திரிக்குள்ள ஊர் திரும்பறேன். நாளைக்கு விழா வேண்டாம்.”

“ஹால் சொல்லியாச்சே ஐயா. பரவால்ல, நீங்க இல்லாட்டி என்ன? உங்க படத்தைப் பெருசா வெச்சு, மாலை போட்டு, நாலு பேர் உங்களைப் பத்தி நல்லதா பேசி முடிச்சிடறோம்.”

கோட்டை வைத்துவிட்டுத் திரும்பினார். சரோஜினி நகர்க் கூட்டம் மந்திரியே வந்தாலும் வழி விடாது. அவருக்கு விட்டது.