பீரங்கி மேட்டுக்குப் பின்னால்

எங்கள் கடற்கரைப் பக்கத்து ஆட்கள் சம்பளத்தைக் கேட்டால் சொல்வார்கள். மூலநோய் இருந்தால் கேட்காமலே சொல்வார்கள். காளான் பறிக்கும் இடத்தை மட்டும் சொல்லவே மாட்டார்கள். கூடையைப் பார்த்து "எங்க கெடச்சது?" என்று யார் கேட்டாலும் "காட்டுல" என்பதுதான் பதில். பதில் அதுதான் என்று கேட்பவருக்கும் தெரியும், இருந்தும் கேட்பார். சாகக் கிடக்கும்போது சிலர் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காதில் சொல்வதுண்டு. என் பெரியப்பா அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

எனக்கும் என் கணவன் ரெகிமாந்தாசுக்கும் அப்படி ஓர் இடம் இருந்தது. கல்யாணமான இரண்டாம் வருடம் மழைக்கு ஒதுங்கப்போய் இருவரும் சேர்ந்து கண்டுபிடித்தது. கட்டைத் தண்டும் பழுப்புத் தொப்பியுமாக பராவிகாஸ் காளான்கள், கால்வைக்க இடமில்லாமல் முளைத்திருந்தன. அதற்குப் பிறகு இருபத்தாறு வருடம், செப்டம்பர் வந்தால் கூடையைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு, காரை வேண்டுமென்றே இரண்டு ஊர் சுற்றி ஓட்டிக்கொண்டு போவோம். எல்லாம் அடுத்த வீட்டு டாங்குவோலேக்குப் பயந்துதான். ஒரு தடவை சைக்கிளில் எங்களைப் பின்தொடர்ந்து வந்து சேற்றில் விழுந்தவள் அவள். "கண்டுபிடிக்காம நான் கண்ண மூட மாட்டேன்டி" என்று என் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறாள்.

எங்கள் மகள் மிக்லே ஒருமுறை தனக்கும் காட்டச் சொல்லிக் கேட்டாள். ரெகி ஒரேயடியாக மறுத்துவிட்டான்.

"அவ புருஷனுக்கு ஓட்ட வாய். வேண்டாம். இது நம்ம ரெண்டு பேரோட எடம், அவ்வளவுதான்."

மகள் கோபித்துக்கொண்டு ஒரு மாதம் ஃபோன் செய்யவில்லை. எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். பெற்ற பெண்ணுக்கே கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறது என்று நினைத்தேன். நல்ல தாய்தான் நான்.

இரண்டு வருடமாக நாங்கள் அங்கே போகவில்லை. ரெகிக்கு முழங்கால் வலி. "முட்டி சரியாகட்டும், சேர்ந்தே போவோம். நீ மட்டும் தனியா போயிடாத" என்று கெஞ்சினான். நானும் போகவில்லை. கடைத்தெரு மருந்துக்கடையில் களிம்பு வாங்கி இரவும் பகலும் தேய்த்துவிட்டேன். அந்தக் கடையில் இருக்கும் ஸ்கைஸ்தே என்ற பெண் ரொம்ப அக்கறையானவள். "மூணு வேளையும் தேய்ங்கக்கா. மேடு பள்ளத்துல ஏற விடாதீங்க" என்று ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் பொட்டலத்தைக் கையில் கொடுப்பாள்.

போன ஞாயிறு எங்கள் கடலோரப் பூங்காவில் குடும்ப நடை. கிரூலேய் ரயில் நிறுத்தத்தில் தொடங்கி, பழைய பீரங்கித் தளத்தின் வழியாக, தொப்பிப் பாறையின் உச்சிக்கு ஏறி, கார்க்லே கடற்கரையில் முடியும் ஏழு கிலோமீட்டர். இருபத்து மூன்று பிள்ளைகள், அவர்களின் அப்பா அம்மாக்கள், இரண்டு நாய்கள். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை செய்கிறவள் என்பதால் என்னைக் கடைசி ஆளாக நடக்கச் சொன்னார்கள். எந்தப் பிள்ளையும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது என் பொறுப்பு. முட்டி வலிக்காரர் ரெகி, கார்க்லேயில் மீன் சூப் கொப்பரையோடு எங்களுக்காகக் காத்திருப்பார்.

ஸ்கைஸ்தேயும் தன் ஆறு வயது மகள் ஊர்தேயோடு வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் "நீங்களும் வர்றீங்களாக்கா?" என்றாள். கன்னம் சிவந்திருந்தது. குளிர்காற்று என்று நினைத்துக்கொண்டேன்.

பீரங்கித் தளத்துக்கு வந்ததும் பெரிய பிள்ளைகள் கான்கிரீட் சுரங்கத்துக்குள் கத்திக்கொண்டு ஓடினார்கள். பெற்றோர்கள் அவர்களைப் பிடிக்க ஓடினார்கள். ஊர்தே மட்டும் ஒரு சின்ன நீல வாளியோடு என்னிடம் வந்து என் சட்டைக் கையை இழுத்தாள்.

"ஆன்ட்டி, ஒரு ரகசியம். யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களே?"

"சொல்ல மாட்டேன்."

"இங்க பராவிகாஸ் இருக்கு. நெறைய."

"எல்லாக் காட்டுலயும்தான் இருக்கும், கண்ணு."

"இல்ல, இங்கதான். வாங்க."

பாதையை விட்டு இறங்கி ஓடிவிட்டாள். ஒரு பிள்ளையைத் தொலைத்தேன் என்ற பேர் எனக்கு வேண்டாமென்று பின்னாலேயே போனேன். மேட்டைச் சுற்றினாள். ஓடையைக் கல்மேல் கால்வைத்துத் தாண்டினாள். ஒரே அடியில் முளைத்த மூன்று வெள்ளைப் பட்டைப் பூர்ச்ச மரங்களைத் தொட்டுவிட்டு இடதுபக்கம் திரும்பினாள். என் கால்களுக்கு அந்த வழி முழுவதும் தெரிந்தது. பிள்ளைகள் கண்டபடி ஓடுவார்கள், இது தற்செயல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பெரணிச் செடிகளை ஒரு குச்சியால் விலக்கினாள். இரண்டு வருடம் நான் பார்க்காத காளான்கள் அங்கே கொழுகொழுவென்று நின்றன. வாளிக்குள்ளிருந்து காளான் கத்தியை எடுத்து, தண்டை அடியில் சுத்தமாக அறுத்தாள். வெட்டிய இடத்தைப் பாசியால் மூடினாள். உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"தூங்கு. திரும்பி வருவோம்."

அந்த வார்த்தைகளை நான் இருபத்தாறு வருடமாகக் கேட்டிருக்கிறேன். முதல் நாள் மழையில் என்னைச் சிரிக்கவைப்பதற்காக ரெகி உருவாக்கியவை அவை.

"இதெல்லாம் யாருடா சொல்லிக் குடுத்தா?"

"ரெகி மாமா! போன வருஷம் வந்தோம், அதுக்கு முந்துன வருஷமும் வந்தோம். அம்மாவும் வருவாங்க. மாமா என்னத் தோள்ல உக்காத்தி வச்சுக்கிட்டு இந்த மேட்டுல குதிர மாதிரி ஓடுவாரு."

ஓடுவாராம். என் விரல்களில் இன்னும் அந்தக் களிம்பு வாசனை போகவில்லை. முதலில் எனக்கு நினைவு வந்தது அதுதான். அந்தப் பெண் அல்ல, முட்டி.

"ஊர்தே! பாதைய விட்டு எங்கடி..." என்று மூச்சிரைக்க வந்த ஸ்கைஸ்தே என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். வாளியைப் பார்த்தாள். மறைக்க ஒன்றும் மிச்சமில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"களிம்பு நல்லா வேல செய்யுது போல" என்றேன்.

"அக்கா, ரெண்டு மாசத்துல உங்ககிட்ட பேசிடறேன்னு சொல்லியிருந்தாரு..."

"எந்த வருஷத்து ரெண்டு மாசம்?"

அவள் அழத் தொடங்கினாள். எனக்கு அதைப் பார்க்கப் பொறுமை இல்லை.

"இந்த எடம் யாரோடதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். சின்ன வயசுல அவரு தனியா வந்து கண்டுபிடிச்சதுன்னு சொன்னாரு. வேற யாருக்குமே காட்டினதில்லையாம்."

இவளுக்கு ஒரு மோதிரம் வாங்கிக் கொடுத்திருந்தால், வீடு எடுத்துக் கொடுத்திருந்தால், ஊரில் நாலு பேர் அழுவது போல நானும் அழுதிருப்பேன். மகளுக்கு மறுத்ததைக் கொண்டுபோய் இவளுக்குக் கொடுத்திருக்கிறான். அதுவும் என்னை அந்த மழையிலிருந்தே துடைத்து எடுத்துவிட்டுக் கொடுத்திருக்கிறான். ஒருவனால் இவ்வளவு துரோகம் செய்ய முடியும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஸ்கைஸ்தே வாளியைக் கவிழ்க்கப் பார்த்தாள். "விடு. பிள்ள பறிச்சது" என்றேன்.

மீதி ஐந்து கிலோமீட்டரும் நடந்தேன். நடக்காமல் என்ன செய்வது, நான்தானே கடைசி ஆள். இரண்டு பேருக்குக் காலணி நாடா கட்டினேன். ஒரு பையனை மரத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்வந்தேன். தொப்பிப் பாறை உச்சியில் எல்லோரும் கறுப்பு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டு கடலில் கப்பல் எண்ணினார்கள். நான் பிள்ளைகளை எண்ணினேன். ஒரு தடவை இருபத்திரண்டு வந்தது, அடுத்த தடவை இருபத்தைந்து. ஸ்கைஸ்தே மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடந்தாள், ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கார்க்லேயில் புகை வந்துகொண்டிருந்தது. ரெகி ஏப்ரன் கட்டி, அகப்பையும் கையுமாகக் கொப்பரைக்குப் பின்னால் நின்றான். விறகு எடுக்கப் போகும்போது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தான். பக்கத்தில் டாங்குவோலே ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாள். கிண்ணங்களோடு எல்லோரும் வரிசையில் நின்றோம். டாங்குவோலேயின் கண் நேராக ஊர்தேயின் வாளிக்குப் போயிற்று.

"அடியாத்தி! எவ்வளவு பெரிய பராவிகாஸ்! எங்க கெடச்சது கண்ணு?"

பிள்ளை வாயைத் திறப்பதற்குள் ரெகி தலையைத் தூக்காமலே "காட்டுல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பழக்கத்தில் அவனும் சிரித்தான். பிறகுதான் வாளியைப் பார்த்தான். ஊர்தேயைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அகப்பையிலிருந்த சூப் அவன் காலணிமேல் வழிந்தது.

"நான் சொல்றேன், டாங்குவோலே" என்றேன். என் குரல் வரிசையின் கடைசிவரை கேட்டது. "பீரங்கி மேட்டுக்குப் பின்னாடி போ. ஓடைல கல்லு போட்டிருக்கும், தாண்டு. ஒரே அடியில மூணு பூர்ச்ச மரம் இருக்கும். அங்கேருந்து எடது பக்கம் நாப்பது அடி. பெரணிக்குள்ள."

சிரிப்பு நின்றுவிட்டது. யாரும் அப்படிச் சொல்வதில்லை. வரிசையில் ஒரு கிழவர் கிண்ணத்தைக் கீழே இறக்கிவிட்டு, கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டவர் போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஔத்ரோனே, போதும்" என்றான் ரெகி.

"இன்னும் முடியல. அறுத்ததும் பாசியப் போட்டு மூடணும். ரெண்டு தட்டு தட்டி, 'தூங்கு, திரும்பி வருவோம்'னு சொல்லணும். இவரு யாருக்கு வேணும்னாலும் சொல்லிக் குடுப்பாரு."

இருபத்தாறு வருடம் இந்த ஒரு வரிக்காக அலைந்தவள் டாங்குவோலே. அவள் முகத்தில் துளி சந்தோஷம் இல்லை. கத்தியைக் கீழே வைத்தாள். என்னிடம் வந்து, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"ஏண்டி, யாரு செத்தா?"

அந்த நேரத்தில் ரெகி அகப்பையை எறிந்துவிட்டு, வழியில் கிடந்த விறகுக் கட்டைகளை ஒரே தாவாகத் தாவி, என்னை நோக்கி ஓடிவந்தான். மணலில் நேராக, வேகமாக ஓடிவந்தான்.

"யாரும் சாகல" என்றேன். "பாரு, அவனுக்கு முட்டி சரியாப் போச்சு."