சகலையின் நெற்றி

சுபேதார் நியாமத் அலியைப் பள்ளிவாசல் வாசலிலேயே பிடித்துப் போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனபோது, எங்கள் சந்தில் எல்லோரும் ஏன், எதற்கு என்று கேட்டார்கள். நான் மட்டும் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே. எங்கள் மொட்டைமாடியில் நின்றால் அவர்கள் வீட்டு முற்றம் அப்படியே தெரியும். எட்டிப் பார்க்கிறவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. துணி காயப்போடப் போகிறவள் கண்ணைக் கட்டிக்கொண்டா போவாள்?

அவர் குடும்பமும் அவர் சகலை குடும்பமும் ராவல்பிண்டியை விட்டே போய்விட்டதால் இப்போது சொல்லலாம்.

நியாமத் அலியும் எதிர்வீட்டு பஷாரத்தும் சகலைகள். அக்கா ஸக்கியா சுபேதாருக்கு, தங்கை தஸ்னீம் சைக்கிள் கடை பஷாரத்துக்கு. ஒரே வயிற்றில் பிறந்த இருவரை எதிரெதிர் வீட்டில் குடிவைத்தவர் யாரோ, அவருக்குச் சண்டை பார்க்கும் ஆசை இருந்திருக்க வேண்டும். தஸ்னீம் வீட்டுக்குக் குளிர்பெட்டி வந்த வாரம், பனிக்கட்டி தின்றால் பல் கொட்டிவிடும் என்று ஸக்கியா சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கும் அந்தக் குளிர்பெட்டி மேல் ஒரு கண் இருந்ததால் நானும் ஆமாம் போட்டேன்.

காசில் பஷாரத் முந்திவிட்டார். கௌரவத்தில் மட்டும் சுபேதாரை யாராலும் அசைக்க முடியவில்லை. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். போர் நடந்தபோது அவர் காத்தது எல்லையை அல்ல, ரொட்டி மாவுக் கிடங்கை என்பது வேறு விஷயம், சலாம் சலாம்தான். அதோடு, மீசை முளைக்கும் முன்பிருந்தே ஒருவேளைத் தொழுகையும் தவறாதவர். பஷாரத்தோ வெள்ளிக்கிழமை பகல்காட்சி சினிமாவுக்கு டிக்கெட் வாங்க வரிசையில் நின்ற ஆள். பட்டாளத்து ஜெனரல் நாட்டைக் கையில் எடுத்து, ஆபீசுகளில் எல்லாம் மதியத் தொழுகைக்குப் பாய் விரித்த பிறகுதான் அவருக்கும் பக்தி வந்தது.

வந்தது சரி. ஆனால் இரண்டே வருஷத்தில் அவர் நெற்றி நடுவில் கன்னங்கரேலென்று தொழுகைத் தழும்பு விழுந்துவிட்டது. ஆயுள் முழுக்கத் தரையில் நெற்றியை வைத்த சுபேதாருக்கோ அங்கே ஒரு புள்ளிகூட இல்லை. கழுவிக் கவிழ்த்த பீங்கான் தட்டு மாதிரி பளபளப்பு. எல்லாம் தோல் வாகு. ஆனால் அதைச் சுபேதாரிடம் யார் சொல்வது?

இப்படி இருக்கையில் ஜெனரல் தொலைக்காட்சியில் தோன்றி, ஒவ்வொரு பகுதிக்கும் மக்களைத் தொழுகைக்கு அழைக்க ஒரு நாஜிம், அதாவது ஒரு மேற்பார்வையாளர், நியமிக்கப்படுவார் என்றார். சம்பளம் கிடையாது. அதிகாரமும் கிடையாது. ஆனால் பகுதிக்குப் பொறுப்பான மேஜர் வந்து கைகொடுப்பார். முத்திரை குத்திய அட்டை கிடைக்கும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று நகராட்சி ஆபீசுக்குப் போனால் நாற்காலி போடுவார்கள். எங்கள் சந்துக்கு நாஜிம் யார் என்பதில் சுபேதாருக்குச் சந்தேகமே இல்லை. பட்டாளமும் தொழுகையும் சேர்ந்த ஆள் அவரை விட்டால் யார்? என் வீட்டுக்காரரிடம் புதுக் கோட்டு தைக்கவும் கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மேஜர் வந்தார். தொழுகை முடிந்ததும் நேராக பஷாரத்திடம் போய்த் தோளில் கை வைத்து, "மாஷா அல்லாஹ்! முகத்துலயே ஈமான் எழுதியிருக்கு," என்றாராம். பிறகு பக்கத்தில் விறைப்பாக நின்ற சுபேதாரைப் பார்த்து, "நீங்களும் அப்பப்ப தொழ வரணும், பெரியவரே," என்றாராம். அடுத்த வெள்ளிக்கிழமை வந்து பெயரை அறிவிப்பதாகச் சொல்லிவிட்டு ஜீப் ஏறினார்.

என் வீட்டுக்காரர் இதைச் சொல்லி முடிக்கும் முன்பே சுபேதார் வீட்டில் சத்தம் கேட்டது. நான் துணி எடுக்க மாடிக்குப் போனேன்.

"அப்பப்பவாமே! அப்பப்ப!" ஸக்கியாவின் குரல். "இத்தன வருஷம் குனிஞ்சு நிமிந்து என்னத்தக் கண்டீங்க? நேத்துத் தொழ ஆரம்பிச்சவன் நெத்தியப் பாருங்க, கத்திரிக்காத் தோலு மாதிரி என்னமா மின்னுது!"

"தொழுக மனசுல இருக்குதுடி."

"மேஜரு உங்க மனசத் தொறந்து பாக்க டாக்டரா? என் தங்கச்சி இப்பவே சர்தாச் சோறு கிண்ட அரிசி ஊறப்போட்டுட்டா. குங்குமப்பூ வாசன இங்க வரைக்கும் வருது. நாஜிம் பொண்டாட்டின்னு அவ முன்னால போவா, நான் பின்னால செருப்பத் தூக்கிட்டுப் போகணுமா?"

மறுநாள் சுபேதார் வழக்கமான ஜமக்காளத்தை விட்டுவிட்டு, முள்முள்ளாக இருக்கும் பேரீச்சை ஓலைப் பாயில் தொழுதார். ஒவ்வொரு தடவையும் நெற்றியை வைத்து ஆணி அறைகிறவர் போல அழுத்தினார். எழுந்ததும் ஸக்கியா கண்ணாடியைக் கொண்டுவந்து நீட்டுவாள். கொஞ்ச நேரம் சிவக்கும். டீ குடித்து முடிப்பதற்குள் மறைந்துவிடும்.

செவ்வாய்க்கிழமைதான் அந்தக் காட்சியைப் பார்த்தேன். முற்றத்தில் முக்காலி போட்டுச் சுபேதார் உட்கார்ந்திருக்கிறார். கையில் குதிகால் தேய்க்கிற சொரசொரப்புக் கல். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நெற்றியில் தேய்க்கிறார். ஸக்கியா இடுப்பில் கைவைத்து மேற்பார்வை பார்க்கிறாள்.

"வட்டமா தேய்ங்க, வட்டமா. நீளமாப் போகுது பாருங்க."

"எரியுதுடி."

"எரியாம எப்படிக் கறுக்கும்? அவன் நெத்தியவிட ஒரு சுத்து பெருசா இருக்கட்டும். அப்பத்தான் அவ வாயடைப்பா."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முகத்தில் ஈரத்துணியை வைத்து அமுக்கிக்கொண்டேன்.

தோல் கறுக்கவில்லை. உரிந்தது. புதன்கிழமை சீழ் வைத்தது. மஞ்சள் பற்றுப் போட்டாள், காய்ச்சல் வந்தது. வியாழக்கிழமை தலையைச் சுற்றிப் பெரிய வெள்ளைக் கட்டு. அதே வியாழக்கிழமை கடைவீதியில், தேர்தல் நடத்தக் கேட்டுத் தடைசெய்யப்பட்ட கட்சிக்காரர்கள் ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியைச் சுழற்றியதில் பல தலைகள் உடைந்தன. பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். அதனால் அன்றிலிருந்து பிண்டியில் எங்கே உடைந்த மண்டையைக் கண்டாலும் போலீஸ்காரர்கள் நின்று விசாரித்தார்கள்.

இவ்வளவும் தெரிந்துமா சுபேதார் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போனார் என்று கேட்பீர்கள். போகாவிட்டால் பெயர் பஷாரத்துக்குப் போய்விடுமே! "தொழுது தொழுதே புண்ணாயிடுச்சுன்னு சொல்லுங்க, மேஜர் அசந்துருவாரு," என்று புதுக் கோட்டின் பொத்தானைப் போட்டு ஸக்கியாதான் அனுப்பினாள். அதையும் கேட்டேன்.

மேஜர் அசரவில்லை. "தலையில என்ன?" என்றார்.

"தொழுது தொழுது..." என்று ஆரம்பித்தார் சுபேதார்.

பின்னால் நின்ற இன்ஸ்பெக்டர் கட்டை விலக்கிப் பார்த்தார். "தொழுது யாருக்கும் ரத்தம் வந்து நான் பாத்ததில்ல, ஐயா. இது நேத்தைய சரக்கு."

ஜீப் கிளம்பியது. கிளம்பிய புழுதி அடங்கும் முன்பே மேஜர் பஷாரத்தை நாஜிமாக அறிவித்து அட்டையைக் கொடுத்தார். தஸ்னீம் வீட்டுச் சர்தா எங்களுக்கும் வந்தது. நன்றாகத்தான் இருந்தது. இனிப்பு கொஞ்சம் தூக்கல்.

அன்று சாயங்காலமே பஷாரத் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். துணைக்கு என் வீட்டுக்காரர். கெட்ட மனிதர் அல்ல பஷாரத், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் புது அட்டையைச் சட்டைப்பைக்கு வெளியே தெரியும்படி செருகிக்கொண்டுதான் போனார். அங்கே அவருக்கு நாற்காலி போட்டார்கள். சுபேதார் கம்பிப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

"நாஜிம் சாகிப் பொறுப்பேத்துக்கிட்டா இப்பவே கூட்டிட்டுப் போகலாம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

பஷாரத் காலைத் தூக்கிக் கால்மேல் போட்டார். "இவரப் போயி ஊர்வலத்துல சேத்தீங்களே, ஐயா! எறும்பு வரிசையாப் போனாக்கூட ஓரமா ஒதுங்கிக்குவாரு. சண்டையில மாவு மூட்டைய எண்ணிக்கிட்டிருந்த மனுஷன். எங்கயாவது தடுக்கி விழுந்திருப்பாரு. என் பொறுப்புல விடுங்க. இனிமே அஞ்சு வேளையும் நானே கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி தொழ வைக்கிறேன்."

அந்தக் கடைசி வார்த்தையில் சுபேதாரின் முகம் அடுப்புத் தணல் மாதிரி ஆகிவிட்டது என்றார் என் வீட்டுக்காரர்.

"நான் போனேன்," என்றார் சுபேதார்.

"எங்க?"

"ஊர்வலத்துக்கு. முன்வரிசையில."

பஷாரத் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "பாய், காய்ச்சல்ல என்னமோ பேசுறீங்க. சும்மா இருங்க."

"கொடியும் நாந்தான் புடிச்சேன்."

இன்ஸ்பெக்டருக்கே நம்பிக்கை வரவில்லை. "சரி, என்ன கோஷம் போட்டீங்க?"

பாவம், அவருக்கு ஒரு கோஷமும் தெரியாது. ஒரு நிமிஷம் யோசித்தாராம். பிறகு குதிகாலைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, அணிவகுப்பில் கட்டளை போடுகிற குரலில், "பட்டாளமே, பாசறைக்குத் திரும்பு!" என்று கத்தினார். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் இரண்டு பேர் பழக்கதோஷத்தில் விறைத்து நின்றார்கள். இன்ஸ்பெக்டர் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார்.

பிறகு எழுதிக்கொள்ள வேண்டியதுதானே பாக்கி. ராணுவ நீதிமன்றம் ஆறு மாதம் போட்டது. பென்ஷனையும் நிறுத்திவிட்டார்கள்.

தீர்ப்புக்கு முன்னால் ஒரு மத்தியானம், ஸக்கியா எங்கள் மாடி ஏறி வந்தாள். ஒருநாளும் வராதவள். தன் வீட்டு முற்றத்தை அங்கிருந்து கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எல்லாம் தெரியுது."

"வெயில் அதிகம், எனக்குக் கண்ணு கூசும்," என்றேன்.

"நடிக்காத, ஃபஹ்மீதா. நீ பாத்தே."

"பாத்தேன். நான் போயி அந்தக் கல்லு விஷயத்தச் சொல்லட்டுமா? சிரிச்சுட்டு விட்டுருவாங்க."

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "கசையடி குடுப்பாங்களா?"

"வயசானவங்கள அடிக்க மாட்டாங்களாம்."

"அப்ப சொல்லாத."

"பென்ஷன் போயிருமே, ஸக்கியா. நீ எப்படிச் சாப்புடுவே?"

"மெத்த தச்சுச் சாப்புடுவேன். நீ வாயத் தொறந்தா அவரு வெளிய வந்துருவாரு. வந்து? தஸ்னீம் சாகுற வரைக்கும் நெத்தியத் தடவிக்காட்டிச் சிரிப்பா. ஜெயில்ல பருப்பாவது மானத்தோட போடுவாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். பாதிப் படியில் நின்று, "உன்னால முடியுமாடி?" என்றாள்.

முடிந்தது. எப்படி முடிந்தது என்று கேட்காதீர்கள். ஆறு மாதம் எனக்கு வயிறு உப்பிக் கிடந்தது.

அதன் பிறகு நடந்ததைப் பார்க்க வேண்டுமே! ஸக்கியா வீட்டுக்கு வக்கீல்கள் வந்தார்கள், கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். யாரோ மூட்டை மூட்டையாக மாவும் டின் நிறைய நெய்யும் அனுப்பினார்கள். பள்ளிவாசல் வாசலில் அவள் கடந்து போனால் ஆண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பஷாரத் விடியுமுன் கதவு கதவாகத் தட்டித் தொழுகைக்கு அழைத்தார். உள்ளேயிருந்து இருமல்தான் பதிலாக வந்தது. அட்டைக்கு ஆசைப்பட்டுச் சொந்தச் சகலையைக் காட்டிக்கொடுத்தவர் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. காப்பாற்றப் போனவர் அவர் என்று என் வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்? பஞ்சர் ஒட்டக்கூட ஆட்கள் அடுத்த தெருவுக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

தஸ்னீம் இளைத்துப்போனாள். "எங்க அக்கா வீட்டுல மட்டும் தெனம் பத்து ஜோடி செருப்பு கெடக்குது. நம்ம வாசல்ல ஒண்ணு உண்டா?" என்று அவள் புருஷனிடம் கேட்டதை நான் தெருவிலிருந்தே கேட்டேன்; அதற்கு மாடி தேவைப்படவில்லை. "அவரு மனுஷன். நீங்களும் இருக்கீங்களே, கதவத் தட்டிக்கிட்டு."

சுபேதார் வெளியே வந்த நாளில் அவரைத் தோளில் தூக்கி வந்தார்கள். ரோஜா மாலைக்குள் மூக்கு மட்டும்தான் தெரிந்தது. பஷாரத் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்த பார்வையை நான் வேறெங்கேயும் பார்த்ததில்லை. பசித்தவன் பலகாரக் கடையைப் பார்ப்பானே, அது மாதிரி.

அடுத்த வாரம் கடைவீதியில் மறுபடி ஊர்வலம். பஷாரத் கடையைப் பூட்டினார். தலையில் தொப்பிகூட வைக்காமல், போய் முன்வரிசையில் நின்றார். தஸ்னீமே எண்ணெய் வைத்து வாரி அனுப்பினாளாம். தடியடி ஆரம்பித்தது. சுற்றி எல்லோரும் ஓட, பஷாரத் மட்டும் நகராமல் தலையைக் குனிந்து நீட்டிக்கொண்டு நின்றார்.

கான்ஸ்டபிள் தடியை ஓங்கினான். அந்த நெற்றியைப் பார்த்தான். தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சலாம் வைத்தான்.

"நாஜிம் சாகிப்! நீங்க எங்க இந்தக் கூட்டத்துல மாட்டிக்கிட்டீங்க? ஓரமா வாங்க, அடி பட்டுறப்போகுது."

"அடிப்பா. நானும் ஊர்வலத்துலதான் வந்தேன்."

"நீங்களா? விளையாடாதீங்க," என்று சிரித்தான் அவன். இரண்டு பேராக அவரைக் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க வைத்து, குதிரைவண்டியில் ஏற்றி, வண்டிக்காரனிடம் வீட்டு அடையாளமும் சொல்லி அனுப்பினார்கள்.

அவர் வந்து இறங்கியபோது தஸ்னீம் வாசலிலேயே காத்திருந்தாள். அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பி, முடியை விலக்கி விலக்கிப் பார்த்தாள்.

"எங்கயாவது வலிக்குதா?"

"இல்ல."

"கொஞ்சம்கூட?"

"இல்லன்னேனே."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எதிர்வீட்டுச் சுபேதார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எழுந்து வந்து, ரொம்ப அன்பாக, சந்தே கேட்கும்படி, "வாங்க சகலை, நம்ம வீட்டுல வந்து உக்காருங்க," என்றார்.