வெள்ளானூர்க் கிணற்றில் வந்த சக்கரம்

கல்லூரியிலிருந்து ஸ்கூட்டரில் திரும்பிய ஷோபனாவால் வீட்டுக்குப் போக முடியவில்லை. கணவன் வீட்டுக்கும் அவன் பங்காளி வீட்டுக்கும் பொதுவான வண்டிப்பாதையின் நடுவில் ஒரு தகரக் கொட்டகை முளைத்திருந்தது. உள்ளே, மாலை போட்டு, குங்குமம் அப்பிய ஒரு வட்டக் கல். பக்கத்தில் பங்காளி பரந்தாமன், வெற்று மார்போடு.

"செருப்ப கழட்டும்மா. சாமி கீது."

"வழியை அடைச்சிருக்கீங்க, மாமா."

"நான் இன்னா பண்ணுவேன்? நம்ம கெணத்துல தூர் வாரி கொட்னோமே, அந்த மண்ணுலேந்து பெருமாள் சக்கரமா வந்து கீறாரு. இங்கதான் குந்துவேன்றாரு."

பாதை தனக்கு மட்டும் என்று அவன் கேட்ட வழக்கு போன மாதம்தான் தோற்றிருந்தது.

ஷோபனா குனிந்து கல்லைப் பார்த்தாள். அவள் கல்லூரியில் நிலவியல் நடத்துகிறவள். ஆட்டுக் கொம்பு மாதிரி சுருண்டு, வரிவரியாய்ப் புடைத்த ஓடு. அம்மோனைட்டு. எப்போதோ அழிந்துபோன கடல் பிராணி. சுருளின் இடுக்கில் மஞ்சள் மண் ஒட்டியிருந்தது.

"இது நம்ம கிணத்துக் கல் இல்லை. அரியலூர் பக்கம் கிடைக்கிறது. போன வாரம் அங்கே கல்யாணத்துக்குத்தானே போனீங்க?"

பரந்தாமன் எழுந்துவிட்டான். "ஆவடி கோட்டர்ஸ்ல வளந்த பொண்ணு, எங்க கெணத்த பத்தி எனக்கு சொல்றியா? எந்த ஊருடி உங்கப்பனுக்கு?"

சத்தம் கேட்டுத் தெரு கூடியது. கணவன் கஜபதி அவள் கையைப் பிடித்து, "பேசாம வா," என்றான். அவள் உதறினாள்.

கிணற்றோரம் குவிந்திருந்த சாம்பல் நிறக் களிக்கல்லில் பத்துப் பன்னிரண்டு துண்டுகளை அள்ளிவந்தாள்.

"பாருங்க. இங்கேயும் ஒரு காலத்துல கடல் இருந்தது. அடியில சேறு படிஞ்சு படிஞ்சு ஏடு ஏடா இறுகினதுதான் இந்தக் கல். இதுல மாட்டின ஓடெல்லாம் நசுங்கி, காகிதம் மாதிரி தட்டையாத்தான் இருக்கும். இவர் வெச்சிருக்கிறது உருண்டையா இருக்கு. இந்தச் சுருள் பிராணியில பல வகை இருக்கு; இவர் வெச்சிருக்கிற வகை பொறக்கறதுக்குப் பல லட்சம் வருஷம் முன்னாடியே நம்ம களிக்கல் படிஞ்சு முடிஞ்சிடுச்சு. அது எப்படி இதுக்குள்ள வரும்?"

கூட்டம் முறைத்தது. "சாமிய போய் பிராணின்றா பாரு," என்றது ஒரு குரல். இன்னொருவர், "டீச்சர்னா இன்னா வேணா பேசலாமா?" என்று முன்னால் வந்தார்.

ஷோபனா சாவியின் நுனியை ஏடுகளுக்கிடையில் விட்டு நெம்பினாள். முதல் துண்டில் ஒன்றுமில்லை. சிரித்தார்கள். இன்னொன்றை எடுத்தாள், அடுத்ததையும். விரல் கிழிந்து ரத்தம் வந்தது. ஏழெட்டுத் துண்டு வீணான பிறகு ஒரு ஏடு புத்தகம் மாதிரி திறந்துகொண்டது. உள்ளே உள்ளங்கையளவு ஒரு சுருள், தட்டையாக, பென்சிலால் வரைந்ததுபோல் மெல்லிசாக.

"இதோ! இதுதான் நம்ம ஊர்க் கல்," என்று உயர்த்திக் காட்டினாள்.

பிறகு மாமியார் முத்தம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அந்த ஏட்டைப் பிடுங்கினாள். நேராகப் பரந்தாமன் வீட்டு வாசலுக்குப் போய், படியோடு சேர்த்துச் சாத்தி வைத்தாள்.

"எங்க ஊட்டுக்கும் பெருமாள் வந்துட்டாருடா! என் மருமவ கையாலயே வந்தாரு. உன் சாமி என் வழிய மறிக்கட்டும், என் சாமி உன் வாசல மறிக்கட்டும். தாண்டுடா பாக்கலாம்!"

"அத்தை, நான் சொன்னது அது இல்லை. அது கல்லு..."

"வாய மூடு. நீ சொன்னது யாருக்கு வேணும்?"

ஷோபனாவின் முகம் எரிந்தது. அங்கே நின்ற எல்லோரையும், தன் பக்கத்து ஆட்களையும் சேர்த்து, அவள் வெறுத்தாள். களிக்கல் தண்ணீர் பட்டால் உதிர்ந்துபோகும் என்று அவளுக்குத் தெரியும். முத்தம்மாள் அபிஷேகத்துக்குப் பால் குடத்தோடு வந்தபோது அதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை படியோரம் சேறுதான் இருந்தது. பரந்தாமன் உடைத்துவிட்டான் என்று முத்தம்மாள் கடப்பாரையால் கொட்டகையை நெம்பிச் சாய்த்தாள். அவன் அவள் தலைமுடியைப் பிடித்தான். கஜபதி அவன் மூக்கை உடைத்தான்.

போலீஸ் வந்து தகரத்தையும் கல்லையும் ஜீப்பில் ஏற்றியது. பாதை திறந்தது. கஜபதியும் பரந்தாமனும் ஒரே ஜீப்பில், ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி ஸ்டேஷனுக்குப் போனார்கள். ஷோபனா ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய் வீட்டு முன் நிறுத்தினாள். "உன் கல்லாலதாண்டி எம் புள்ள ஸ்டேஷனுக்குப் போறான்," என்று முத்தம்மாள் உள்ளேயிருந்து கதவைத் தாழிட்டாள்.